இன்னும் ஒரே ஒரு முங்கு

டெல்பினுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கிவிடும். கடலோரத் திரேஸ்புரத்தில் அவளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். கல்யாண வீட்டில் யாராவது பந்திக்கு நேரமாகிறது என்று கேமராவுக்குக் குறுக்கே வந்தால், அவள் மெல்லிய குரலில் ஒரு வார்த்தை சொல்வாள். அந்த ஆள் அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டார்.

ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம், சாவு என்று எல்லா வீட்டுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டுடியோ ஒன்றில் பாஸ்போர்ட் படம் எடுக்கச் சேர்ந்து, தொழில் பிடிபட்டதும் தனியாக வந்தவள். கையிலிருப்பது செகண்ட்ஹேண்டில் வாங்கிய டிஜிட்டல் கேமரா. லென்ஸ் மட்டும் அவளைவிட வயதில் மூத்தது. கப்பலுக்குப் போன சித்தப்பா ஹென்றி ரஷ்யத் துறைமுகம் ஒன்றில் வாங்கிவந்த ஃபிலிம் கேமராவின் லென்ஸ் அது. கேமரா உப்புக்காற்றில் செத்துப்போனது. லென்ஸை டெல்பின் கழற்றித் துடைத்து, நடுவில் ஒரு அடாப்டர் வளையம் போட்டு, தன் கேமராவில் திருகிவிட்டாள்.

கேமராவுக்கு அங்கே லென்ஸ் இருப்பதே தெரியாது. லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று மெனுவில் சொல்லிவைக்க வேண்டும். ஃபோகஸும் அப்பர்ச்சரும் விரலால்தான் திருப்ப வேண்டும். மாதா கோயிலுக்குள் மங்கலான வெளிச்சம். அதில் எடுக்கத் தோதான புது லென்ஸ் வாங்க அவளுக்கு வசதியில்லை, அதனால் இது. பீடத்தின் படிக்கு முன்கூட்டியே ஃபோகஸை வைத்துக்கொள்வாள். புதுநன்மைப் பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்க அந்தப் படிக்கு வந்து வாய் திறக்கும்போது அமுக்குவாள். தப்பவே தப்பாது.

அந்த லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தால், பின்னாலிருக்கும் இலையும் விளக்கும் முகத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் விழும். டெல்பின் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. ஆனால் இன்ஸ்டாகிராமில் அவள் போட்ட புதுநன்மைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, சென்னையிலிருந்து காசிலிங்கம் என்ற போட்டோகிராபர் கூப்பிட்டார். பூர்வீகம் கோவில்பட்டிப் பக்கம், கண்காட்சியெல்லாம் வைக்கிறவர்.

"மேடம், என்கிட்டயும் அதே ரஷ்ய லென்ஸ்தான். நாம ஒரே குடும்பம்" என்றார். "ஒரு முத்துக்குளிக்கிற ஆளை எடுக்கணும். ஏற்பாடு பண்ண முடியுமா?"

"முத்துக்குளிப்பு நின்னு அறுபது வருசம் ஆச்சே சார். இப்ப சங்குதான் எடுக்காங்க."

"சங்கும் கடலுக்குள்ளதானே இருக்கு" என்று சிரித்தார்.

டெல்பினின் பெரியம்மா மகன் மெல்வின் சங்குகுளி ஆள். கேட்டதும் வாரேன் என்றான். செல்வின் என்பவனின் மோட்டார் வள்ளத்தைப் பேசிக்கொண்டு, காசிலிங்கம் வந்து இறங்கிய மறுநாள் காலையில் நான்கு பேரும் கடலுக்குப் போனார்கள்.

வள்ளத்தில் மெல்வின் தன் சாமான்களை எடுத்து வைத்தான். மாஸ்க், காலில் போடும் ஃபின், கம்ப்ரசரிலிருந்து மூச்சுக்காற்று வரும் மஞ்சள் ஹோஸ். காசிலிங்கம் ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார். ஹோஸ் வேண்டாம். மாஸ்க் வேண்டாம். டி-ஷர்ட்டைக் கழற்றிவிடுங்கள். வாட்ச்சையும். பிறகு தன் பையிலிருந்து சாயம்போன துண்டு ஒன்றை எடுத்து, இதை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

"பழைய லென்ஸுக்குப் பழைய ஆள் வேணும்ல" என்று டெல்பினைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஒங்க கேமரா இந்த வருசம் வந்த மாடல்லா சார்?" என்று கேட்டாள் டெல்பின். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்.

ஏழு பாகம், நாற்பது அடிக்கு மேல் ஆழம். தரை வரை போய், சங்கைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டி மேலே வரவேண்டும். மேலேயே முங்கி எழுந்தால் போதாதா என்று டெல்பின் கேட்டதற்கு, நடித்தால் முகத்தில் தெரிந்துவிடும் என்றார். மெல்வின் மூச்சடக்கிக் குதித்தான். வெகுநேரம் கழித்து, தலையை உதறிக்கொண்டு எழுந்தான். காசிலிங்கம் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பி அமுக்கினார். பின்பக்கத் திரையை வெயிலுக்கு மறைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கண்ணு ஷார்ப்பா இல்ல. அண்ணே, இன்னும் ஒரே ஒரு முங்கு."

இரண்டாவது தடவையும் அதே கதை. ஆடுகிற வள்ளத்தில் நின்று, லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தால், நாலு விரல்கடை தூரத்துக்குத்தான் துல்லியம். மூக்கு கிடைத்தால் கண் போகும்.

"சார், அப்பர்ச்சரைச் சுருக்கி எட்டுல வைங்க. தூரத்தை மின்னாடியே திருப்பி வச்சுக்கிடுங்க. அவன் எங்கன எழும்புவாம்னு நான் காட்டுதேன்" என்றாள் டெல்பின்.

"எட்டுல வச்சா அந்தச் சுழல் வராதே மேடம். தண்ணி மேல மினுங்குற வெயில் அவர் தலையைச் சுத்தி அப்படியே சுழலணும். அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

மூன்று, நான்கு. ஒவ்வொரு முறையும் அதே மரியாதை, அதே 'அண்ணே', அதே ஒரே ஒரு முங்கு. மெல்வின் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கும் நேரம் கூடிக்கொண்டே போனது.

"ண்ணே, போதும். ஏறு" என்றாள் டெல்பின்.

"விடுளா. வீட்ல சும்மாதான கெடந்தேன்" என்றான் அவன். சளி பிடித்திருந்ததால்தான் அந்த வாரம் தொழிலுக்குப் போகாமல் சும்மா கிடந்தான் என்பது அவளுக்குத் தெரியாது. சளியோடு ஆழத்துக்குப் போனால் காது தாங்காது. கடலில் இறங்கும் ஒவ்வொருவனுக்கும் தெரிந்த விஷயம் அது. அவனுக்கும் தெரியும்.

ஆறாவதோ ஏழாவதோ, மெல்வின் மேலே வந்தபோது கையில் சங்கு இல்லை. இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தான். மூக்கிலிருந்து நூல்போல ரத்தம் இறங்கி உதட்டில் கலந்தது. கேமரா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அப்படியே, அப்படியே இருங்க அண்ணே. காதுலேருந்து கையை மட்டும் எடுங்க."

டெல்பின் எழுந்தாள். "கேமராவைக் கீழ வைங்க" என்றாள். மோட்டார் பக்கம் உட்கார்ந்திருந்த செல்வினுக்கு அது காதில்கூட விழவில்லை.

"ஒரு செகண்ட் மேடம்."

அவள் நேரே போய் உள்ளங்கையை அந்த லென்ஸின் கண்ணாடிமேல் அப்பினாள். கண்ணாடியில் கை படலாமா என்று அவர் பதறினார். கையை எடுக்காமலே செல்வினைப் பார்த்துச் சொன்னாள்: "ஏலே, அவனைத் தூக்குலே. கரைக்கு விடு."

"எமோஷனல் ஆகாதீங்க மேடம். நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலயே. அவரே சம்மதிச்சுத்தானே செய்தாரு?"

அது உண்மைதான். அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

காது ஜவ்வு கிழிந்திருக்கிறது, இனி பல மாதம் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மெல்வினின் மனைவி ஆக்னஸ் வராந்தாவில் வைத்து டெல்பினைப் பிடித்துக்கொண்டாள்.

"சளி புடிச்ச ஆளுன்னு அவரு வள்ளத்துக்காரனே விட்டுட்டுப் போனான். கூடப்பொறந்தவ மாதிரி இருந்துக்கிட்டு நீதானளா படம் எடுக்கக் கூட்டிட்டுப் போன? போட்டோக்காரிக்குப் போட்டோதான் பெருசு."

"எனக்குத் தெரியாது மதினி."

"கேட்டியா? கேட்டாத்தான தெரியும்?"

டெல்பினுக்கு ஆக்னஸ்மேலும் கோபம், சளி என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத மெல்வின்மேலும் கோபம்.

மழைக்காலம் தொடங்கும்போது காசிலிங்கத்தின் படம் வந்தது. சென்னையில் கண்காட்சி. 'கடைசி முத்துக்குளிப்பவர்' என்று தலைப்பு. இன்ஸ்டாகிராமில் கீழே எழுதியிருந்தார்: 'அறுபது வருடப் பழைய லென்ஸ். ஆட்டோஃபோகஸ் கிடையாது. அவர் முதல் முறை முங்கி எழுந்தபோதே கிடைத்துவிட்ட படம்.'

டெல்பின் அந்தக் கடைசி வரியிலேயே நின்றாள். பிறகு போன் செய்தாள்.

"மொதல் தடவையே கெடைச்சிட்டுன்னா, பொறவு எதுக்கு சார் அவன அத்தன தடவ முங்கச் சொன்னீங்க?"

"வீட்டுக்கு வந்து பெரிய ஸ்கிரீன்ல பாத்தப்பதான் தெரிஞ்சுது. வெயில்ல அந்தக் குட்டி ஸ்கிரீன்ல சரியாத் தெரியல. மேனுவல் லென்ஸோட அழகே அதுதானே மேடம், கடைசி வரைக்கும் நிச்சயம் கிடையாது."

"அழகு" என்றாள் டெல்பின். "அவன் பேரைப் போடுங்க. சங்குகுளி ஆளுன்னு போடுங்க. அன்னைக்குக் காது கிழிஞ்சதையும் எழுதுங்க."

"அது படத்தோட மூடைக் கெடுத்துடும்."

அவர் எழுதாததை அவளே படத்துக்குக் கீழே எழுதினாள். அழித்தார். மறுபடி எழுதினாள். பிளாக் செய்துவிட்டார். பிறகு அவள் தன் பக்கத்தில், மெல்வின் மாஸ்க்கும் மஞ்சள் ஹோஸுமாகத் தொழிலில் இருக்கும்போது தான் முன்பு எடுத்திருந்த படத்தைப் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள். கடலோரத்தில் தருவைகுளம் வரைக்கும் அதைப் பகிர்ந்தார்கள். சென்னைப் போட்டோகிராபர்கள் சிலர் வயிற்றெரிச்சல் என்றார்கள். கண்காட்சி அதுபாட்டுக்கு நடந்து முடிந்தது.

மெல்வின் இப்போது முங்குவதில்லை, இடது காது சரியாக ஆறவே இல்லை. வேறொருவன் வள்ளத்தில், மேலே உட்கார்ந்து ஹோஸ் பார்த்துக்கொள்ளும் வேலை. போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது டெல்பின் அவனுக்கு ஏதோ அனுப்ப வாட்ஸ்அப்பைத் திறந்தாள். அவன் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் படம். சாயம்போன துண்டு, கையில் சங்கு, தலையைச் சுற்றிச் சுழலும் வெயில்.

ஆட்களை விலக்கிக்கொண்டு போய் அவனைப் பிடித்தாள். "என்னத்துக்கு இத வச்சிருக்க? எடுத்துரு."

மெல்வின் போனை வாங்கிப் பார்த்தான். "ஏன்? நல்லாத்தானளா இருக்கு. நீ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புனியே, அதுல மாஸ்க்கப் போட்டுக்கிட்டு தவளை மாதிரில்லா இருக்கேன்."

"ஒன் காதப் பறிச்ச படம்ண்ணே அது!"

"காது போச்சு. படமாவது இருக்கட்டும்" என்றான் அவன், நிதானமாக.

டெல்பின் மறுபடி படத்தைப் பார்த்தாள். மோசமான படம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பதினைந்து வருஷமாகப் படம் எடுக்கிறவளால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. கண் துல்லியமாக விழுந்திருந்தது. அதனால் வேறு எதையெல்லாமோ சொல்லித் திட்டத் தொடங்கினாள். காசிலிங்கத்தை, சளியை மறைத்த அவனை, அந்தத் துண்டை. மெல்வின் தலையாட்டியபடி கோயில் வாசலில் போகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தான் நிற்பது அவனுடைய இடது பக்கம்.

சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.