மஞ்சள் ஜப்லா

பார்சலைப் பிரித்ததும் புதுத்துணி வாசம் வந்தது. உள்ளே ஆறு ஜப்லாக்கள் இருந்தன. "இது போதுங்களா, இன்னும் ஆறு ஆர்டர் போடட்டுங்களா?" என்றாள் ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி.

அதே வாசம்தான். எனக்கு அப்போது ஏழு வயது, அம்மா மாசமாக இருந்தாள். அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, சதுரம் சதுரமாக மடித்து வைத்திருந்தாள். பிறக்கிற பிள்ளைக்கு அதுதான் துணி. நானோ கடத்தூர் சந்தையில் அழுது அடம்பிடித்து, மஞ்சள் ஜப்லா ஒன்றை அப்பாவை வாங்கவைத்தேன். கஞ்சி மொடமொடப்போடு இருந்த அதைக் கையில் வாங்கிய அம்மாவின் முகம் சுருங்கியது.

"பொறக்கறதுக்கு முன்னாடி புதுத்துணி வாங்கக் கூடாதுங்க."

"பையன் ஆசப்பட்டான், வுடு," என்றார் அப்பா.

தங்கச்சி பிறந்து ஒரு நாள்தான் இருந்தாள். பழைய வேட்டியில் சுற்றித்தான் தூக்கிப்போனார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஜப்லாவை மட்டும் அம்மா என் கண்ணில் படாமல் எங்கோ வைத்துவிட்டாள்.

"ஒண்ணும் வேணாம், இதையும் திருப்பி அனுப்பிரு. எங்கப்பா வேட்டி இருக்குது, கிழிச்சுக்கலாம்," என்றேன்.

மனைவி என்னையே பார்த்தாள். "சொந்தப் புள்ளைக்குக்கூடக் கஞ்சத்தனம் பாப்பீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.