அப்பா நீட்டிய கால்

நாளெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்தே களைத்துப்போன நான், பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் மழையில் நனைந்த ஷூவை உருவினேன். 'சளக்'கென்றது. என் சின்ன வயதில், கேரி தீவுத் தோட்டத்தில் அப்பாவின் ரப்பர் பூட்ஸ் போட்ட அதே சத்தம்.

செம்பனைக் குலை வெட்டிவிட்டு வரும் அப்பா பூட்ஸைத் தானே கழற்றினால் அன்று பந்திங் ஊர் இரவுச் சந்தை, பாசார் மாலாம் உண்டு, அங்கே கடலை தூவி மடித்த அப்பம் பாலிக் உண்டு. என்னிடம் காலை நீட்டினால் ஒன்றும் கிடையாது. ஒரு சனிக்கிழமை நீட்டிவிட்டார். இழுத்த வேகத்தில் பூட்ஸோடு மல்லாந்தேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. தேநீர்க் கிளாசைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மகா வித்தைக்காரர்!

அப்பம் பாலிக் போச்சே என்று நான் அழத் தொடங்கினேன்.

"எழுப்பாதடா கழுத. வா, பஸ்ஸு போயிரும்" என்றாள் அம்மா, தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு. அவளும் அதே காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு வந்தவள்தான். அவள் பூட்ஸை எப்போது கழற்றினாள் என்று நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

"அப்பா, பாசார் மாலாம் போலாம் லா!" பிரிக்பீல்ட்ஸ் வாசலில் இப்போது என் மகள்.

"அப்பாவுக்கு அசதி, விடு. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மனைவி. அவளும் வேலைக்குப் போய் வந்தவள்தான். தலைவாரிக்கொண்டிருந்தாள்.

ஈர ஷூவை மறுபடி மாட்டினேன்.