ஒரு டாங்கியின் ஆறு உருவங்கள்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு குளிர்கால விடியலில் நான் ஒக்லாந்தில் வந்து இறங்கினேன். கல்யாணம் முடிந்து எட்டு மாதமாக விசாவுக்குக் காத்திருந்துவிட்டு வந்த பயணம். மனுரேவாவில் கணவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குப் போகும் வழி முழுக்கப் பனிமூட்டம். மர வேலிகளும் தபால் பெட்டிகளும் எங்கிருந்தோ மிதந்து வந்து, கார் கண்ணாடியைத் தொடாமல் விலகிப் போயின. இரண்டு நாளாகத் தூக்கமில்லாததால் எது ரோடு, எது வானம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. சாமிப் படங்களாக்கும் என்று கிட்டப் போனேன். உள்ளே ஆறு சின்ன டாங்கிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம் இருக்கும்.

"இது ஆறு டாங்கி இல்லை, ஒண்டுதான்," என்றார் அவர். "ஜெர்மன்காரர் ரெண்டாம் உலகச் சண்டை முடியும் வரைக்கும் இதையே மாத்தி மாத்திச் செய்து கொண்டிருந்தவை."

டாங்கிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே பங்கர் குழிக்குள் இறங்குகிற ஊரிலிருந்து நான் அப்போதுதான் வந்திருந்தேன். அவரோ ஊரில் பெரிய சண்டைகள் தொடங்குமுன்பே படிப்புக்கென்று வெளிக்கிட்டவர். டாங்கியைப் புத்தகங்களில் மட்டும் பார்த்தவர். அந்த அலுமாரியைத் துடைக்கிற வேலையை நான் அவருக்கே விட்டுவிட்டேன்.

வார நாட்களில் அவர் ஈஸ்ட் டாமாக்கியில் அலுமினிய யன்னல்கள் செய்யும் தொழிற்சாலைக்குப் போவார். சனிக்கிழமை மத்தியானங்களில் கராஜில் இருந்தபடி மொடல்களின் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டுவார். எனக்கு அங்கே வேறு யாரையும் தெரியாது. அதனால் தேத்தண்ணியோடு போய், அங்கிருந்த பழைய சோபாவில் கால்களை மடக்கிக்கொண்டு இருப்பேன். தகரக் கூரையில் மழை பெய்யும். பசை மணமும் பெயின்ட் மணமும் சேர்ந்து தலையை லேசாக்கும். அவர் கதைத்துக்கொண்டே இருப்பார்.

முதலில் அந்த டாங்கிக்குக் கட்டையான பீரங்கியும் மெல்லிய இரும்புத் தோலும்தான் என்பார். காலாட்படைக்குப் பின்னால் போய், எதிரியின் பதுங்குமிடங்களை உடைப்பதுதான் அதன் வேலை. மற்ற டாங்கிகளோடு மோத வேறொரு வகை இருந்தது. பிறகு ரஷ்யாவில் தடித்த தோலுள்ள டாங்கிகள் எதிரே வந்தன. கட்டைப் பீரங்கியால் அவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. நல்லகாலம், முதலில் வரைந்தவர்கள் பீரங்கி இருக்கும் மேல்கூண்டுக்கு அகலமாக இடம் விட்டிருந்தார்கள். அதனால் அதே உடம்பில் நீளமான பீரங்கியை வைக்க முடிந்தது. பிறகு முன்பக்கத்துக்கு மேலதிகத் தகடு. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் தொங்குகிற இரும்புத் தட்டிகள். எட்டிப் பார்க்கும் ஓட்டைகளைக்கூட மூடிவிட்டார்கள்.

நான் பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன். கண்ணை மூடினால் அது ஒரு மிருகம் போல வளரும். மூக்கு நீளும், ஒன்றன் மேல் ஒன்றாகச் சட்டை போடும், கண்களை ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். ஒருநாள் அது எங்கள் பின்வளவின் ஈரப்புல்லில் சத்தமே இல்லாமல் வந்து, கொடியில் காய்ந்த என் உடுப்புகளுக்குக் கீழே நின்றது. பயமாக இருக்கவில்லை. விழித்தபோது தேத்தண்ணி ஆறியிருந்தது, அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வசந்தத்தில் ஹென்டர்சனில் ஒரு மண்டபத்தில் மொடல் செய்கிறவர்களின் கண்காட்சி நடந்தது. ஆறு டாங்கிகளையும் என் பழைய பருத்திச் சேலையில் சுற்றிக் கொண்டுபோனோம். மேசைகள் முழுக்க விமானங்கள், கப்பல்கள், ரயில்கள். மேல் யன்னல்களால் மஞ்சள் வெயில் விழுந்து, எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தெரிந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு, அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி எங்கள் மேசைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பேரப்பிள்ளைக்கு ரயில் காட்ட வந்தவராம். ஜெர்மனியில் பிறந்தவர் என்று சொன்னார். தன் அண்ணன் இப்படி ஒன்றுக்குள் பீரங்கி சுடுகிறவனாக இருந்தவன், ஆனால் இதில் எது என்று தெரியாது என்றார். எந்தக் காலம் என்று என் கணவர் கேட்டார். கடைசி வருடம் என்றார். கணவர் வரிசையின் கடைசி டாங்கியைக் காட்டினார்.

அந்தப் பெண்மணி குனிந்து பார்த்தபடியே சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அண்ணன் ஒருமுறை லீவில் வந்தபோது உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்ததாம். கரண்டி பிடிக்க முடியாமல், பன்னிரண்டு வயதுத் தங்கையான தான்தான் சூப் ஊட்டிவிட்டதாம். சுடுகிறவனுக்குக் கை ஏன் உரிகிறது என்று அம்மா கேட்டும் அவன் சிரித்து மழுப்பிவிட்டான். திரும்பிப் போனவன் பிறகு வரவில்லை.

என் கணவர் மெதுவாக விளக்கினார். கடைசியாகச் செய்த டாங்கிகளில் மேல்கூண்டைத் திருப்பும் மோட்டரை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இன்னொரு எரிபொருள் தாங்கியை வைத்தார்கள். மோட்டர் இல்லாததால், சுடுகிறவர் கைப்பிடியைச் சுற்றித்தான் அத்தனை பாரத்தையும் திருப்ப வேண்டும். சரிவில் நின்றால் இன்னும் கஷ்டம்.

"அப்படியா," என்றார் அந்தப் பெண்மணி. பிறகு, தொடலாமா என்று கேட்டார். கணவர் தலையாட்டினார். பெண்மணி ஒரு விரலால் அந்த மேல்கூண்டைத் தள்ள, அது வழுக்கிக்கொண்டு சுழன்றது.

"இவ்வளவு லேசாகச் சுற்றக்கூடாது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணவரின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, ரயில்கள் இருந்த பக்கம் போனார்.

திரும்பி வரும்போது மோட்டர்வேயில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர்கள் ஆடிக்கொண்டிருக்க, அதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றை நான் அவருக்குச் சொன்னேன். ஊரில் ஒரு காலை, எங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள ஒடுங்கிய ஒழுங்கையால் ஒரு டாங்கி போனது. பங்கருக்கு ஓட நேரமில்லாமல் வேலியோடு ஒட்டி நின்றேன். மேலே தலையை வெளியே விட்டிருந்த ஆமிக்காரன் நித்திரை. அத்தனை இரைச்சலிலும் நித்திரை. அவன் தலை இடமும் வலமும் ஆடி ஆடிப் போனது. அவன் விழுந்துவிடுவானோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அவனுக்காக அப்படிக் கவலைப்பட்டதற்காக நாள் முழுக்க என்மேலேயே எனக்குக் கோபம்.

அவர் காரை இடது ஓரமாக எடுத்து வேகத்தைக் குறைத்தார்.

"நீர் இதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"நீங்கள் மோட்டரையும் தகட்டையும் பற்றியெல்லோ கதைச்சுக் கொண்டிருந்தனீங்கள்."

வீடு வரைக்கும் இரண்டு பேரும் மழையைக் கேட்டுக்கொண்டே வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை கடைசி டாங்கியின் மேல்கூண்டை அவர் கழற்றினார். மெல்லிய கம்பியை வளைத்து ஒரு கைப்பிடி செய்தார். பிளாஸ்டிக்கைச் சுரண்டிச் சின்ன ஆசனம் ஒன்றும் செய்தார். அதில் இருத்த ஓர் ஆள் வேண்டும், என் கண் கூர்மையானது, முகத்தை நான் தீட்டவேண்டும் என்றார். அரிசியளவு முகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூரிகையின் ஒற்றை மயிர் நுனியால் அதற்கு இரண்டு கண் வைத்தேன். திறந்த கண்ணா மூடிய கண்ணா என்று அவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

மூடிய கண் என்றேன்.