சொட்டு நீலம் இல்லாத வாளி

போன ஐப்பசியில், கோவில்பட்டியில், எங்கள் வீட்டுக் குளியலறையில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

அதற்கு முந்தின வருடம் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். கடையில் வாங்கிய இரண்டு மீன்களை நேராகக் கொண்டுவந்து வீட்டு மீன் தொட்டியில் விட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் எல்லா மீன்களின் உடம்பிலும் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. ஒரே ஒரு கோல்டு ஃபிஷ்தான் தப்பியது. தினமும் இரை போட்டு வளர்த்த என் மனைவி அழுதே விட்டாள். "இனிமே இந்த வீட்டுக்குள்ள புது மீன் வரப்புடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

எனக்கு எங்கே கை சும்மா இருக்கிறது? ஒற்றை மீனுக்குத் துணை வேண்டாமா என்று, இரண்டு குட்டி கோல்டு ஃபிஷ்களை அவளுக்குத் தெரியாமல் வாங்கி வந்தேன். இந்த முறை புத்தியாக, கடைக்கார அண்ணாச்சி சொன்னபடி இருபது நாள் தனியாக வைத்துப் பார்ப்பதாக முடிவு. குளியலறை மூலையில் ஒரு வாளி, அதில் அவர் கொடுத்த நீல மருந்து. நோய் பயத்தில் நாலு சொட்டு கூடவே விட்டேன்; உள்ளே மீன் இருப்பதே தெரியவில்லை. சத்தம் போடும் காற்று மோட்டாரை அவள் வேலைக்குப் போன பிறகுதான் மாட்டுவேன்.

மூன்றாம் நாள் வாளி அவள் கண்ணில் பட்டுவிட்டது. என்னது இது என்று கேட்டாள். "சட்டைக்கு நீலம் போட்டு வச்சிருக்கேன்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை கூடத் துவைக்காத நான் இப்படிச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

அந்த வாரமே மாமனார் இடைசெவலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அவருடைய தங்கை மகளுக்கு அன்று கல்யாணம், தாய்மாமன் அவர்தான். ஒன்பது மணிக்கு முகூர்த்தம். மழையில் வேட்டி ஓரமெல்லாம் கரிசல் சகதி. அவரிடம் மாற்று வேட்டி இல்லை, எப்போதும் பேண்ட் போடும் என்னிடமும் இல்லை, அந்நேரத்துக்குத் துணிக்கடையும் திறந்திருக்காது. மனைவி அவருக்கு என் கைலியைக் கொடுத்துவிட்டு, வேட்டியை அலசி, நான் கலக்கி வைத்த நீலம்தான் இருக்கிறதே என்று வாளியில் முக்கிவிட்டாள்.

டீ குடித்துக்கொண்டிருந்த நான் அவள் கத்தல் கேட்டு ஓடினேன். அவள் கையில் வேட்டி, முழுக்க நீலம். அதன் மடிப்பில் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்த மாமனார் அதை உள்ளங்கையில் ஏந்தி வாளியில் விட்டார். வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது என்ன நீலம் மாப்ள, மீனெல்லாம் வருது?" என்றார்.

மூன்று முறை அலசியும் நிறம் போகவில்லை. சபையில் முன்னால் நிற்க வேண்டிய மனிதர். உண்மையைச் சொல்லி முடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி ஈர வேட்டியை இஸ்திரி போட்டே காயவைத்தாள்.

மண்டப வாசலிலேயே சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "என்ன அண்ணாச்சி, வேட்டி நீலமா இருக்கு?" நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மாமனார் அசரவில்லை. "எம் மருமவன் ஆசையா எடுத்துக் குடுத்தது. இப்ப இதுதான் ஓடுதாம்" என்றார். பந்தியில் இரண்டு பேர் என்னிடம் எந்தக் கடை என்று விசாரித்தார்கள்.

மீன்கள் இரண்டும் பிழைத்தன. இருபது நாள் முடிந்ததும் மனைவியே அவற்றைத் தொட்டியில் விட்டாள். மாமனார் அந்த வேட்டியைப் பற்றி இன்றுவரை வாய் திறந்ததில்லை. என் பொய்யை அத்தனை பேர் முன்னால் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவரை நினைத்தால், அதன்பிறகு வீட்டில் ஒரு சின்னப் பொய் சொல்லக்கூட எனக்கு நா எழவில்லை.