இடது காதுத் தோடு

கல்யாணப் பெண்ணுக்கு நகை எடுக்கப் போகிறவர்கள் கழுத்தில்தான் தொடங்குவார்கள். அட்டியலா, பதக்கச் சங்கிலியா என்று அதிலேயே பாதி நாள் போய்விடும். எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. கழுத்துக்கும் கைக்கும் இரவல் வாங்கினாலும் சரி என்றிருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மணவறையில் இரண்டு காதிலும் தோட்டோடு உட்கார வேண்டும். அது நடக்காது என்று அம்மா அடித்துச் சொன்னார். என் இடது காதில் துவாரமே இல்லை.

சுனாமியாகக் கடல் வந்த காலையில் அந்தக் காது கிழிந்தது. அன்று பௌர்ணமி. கோயிலுக்குப் போகவென்று குளித்து, அம்மாவின் ஜிமிக்கித் தோட்டைப் போட்டுக்கொண்டு பனிச்சங்கேணி வீட்டு வாசலில் நின்றிருந்தேன். தண்ணீர் என்னைத் தூக்கி அடுத்த வளவின் முள்ளுக்கம்பி வேலியில் எறிந்தது. கம்பியில் முடியும் தோடும் சிக்கின. நான் வேலிக்கட்டையைக் கட்டிப்பிடித்தேன். தண்ணீர் வற்றியபோது உயிர் இருந்தது, இடப்பக்கத் தோடு இல்லை, காது இரண்டாகத் தொங்கியது. அப்பாவும் இல்லை. அப்பாவைத் தேடித் திரிந்த நாட்களில் காதைப் பற்றி யார் பேசுவார்கள்? முகாமுக்கு வந்த ஒரு டாக்டர் அவசரத்தில் தைத்துவிட்டார். ஒட்டியது, ஆனால் கோணலாக, நடுவில் தடித்த தழும்போடு.

பிறகு சண்டை வந்து ஊரைவிட்டுக் கிளப்பியது. இன்னொரு முகாமிலிருந்துதான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் போய்வந்தேன். முடியை இடப்பக்கம் இறக்கிவிட்டு, உலகத்துக்கு வலப்பக்கத்தை மட்டும் காட்டித் திரிந்தேன். இடப்பக்கம் யாராவது வந்து உட்கார்ந்தால் எழுந்து இடம் மாறிவிடுவேன். சந்திரனிலும் ஒரு பக்கம்தான் தெரியும் என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள். சிரிப்பேன். உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பேன்.

யுத்தம் முடிந்த மறுவருடம் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வாழைச்சேனைப் பக்கத்து ஆசிரியர். அவரிடம் காதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். தன் காலில் ஷெல் பட்ட அடையாளத்தைக் காட்டினார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. தன் தாயிடம் சொல்லவா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன், சொல்லத்தான் வாய் வரவில்லை. அந்த மாமிக்குக் குரலும் பெரிது. பக்கத்தில் இருக்கிற என்னோடு, வாவிக்கு அக்கரையில் நிற்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரிப் பேசுவார். மீன்பிடிக் குடும்பம், அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நகை எடுக்க வாழைச்சேனைக் கடைக்கு நாங்கள் நான்கு பேர் போனோம்: நான், அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, மாப்பிள்ளையின் தாய். பஸ்ஸில் வரும்போதே அம்மா என் காதோரம் திட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"தோட்டப் பசை வெச்சு ஒட்டிப்போட்டு, மேலால பூவ இறக்கிவிட்டா ஆருக்கும் தெரியா. நீ வாயத் திறந்திராத."

கடையில் மாமி சிவப்புக்கல் ஜிமிக்கி ஒரு சோடியைப் பொறுக்கி எடுத்தார். ஒன்றை என் வலது காதோடு பிடித்துப் பார்த்தார். மற்றதை இடப்பக்கம் கொண்டுவந்தபோது அம்மா போதும் என்று குறுக்கே கை நீட்டினார். "ஒரு பக்கம் பாத்தாக் காணும் மச்சாள்" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, அம்மா மேல் அல்ல, என் மேல்தான். இவ்வளவு தண்ணீரையும் சண்டையையும் தாண்டி வந்தவள் ஒரு காதை ஒளிப்பதற்காகத் தாயைச் சாக்குச் சொல்ல வைக்கிறேனே என்று இருந்தது. முடியை ஒரேயடியாகத் தூக்கிப் பிடித்தேன்.

"மாமி, இஞ்ச பாருங்க. கடல் வந்த நேரம் கிழிஞ்சது. துவாரம் இல்ல. உங்களுக்குத் தெரியாம மறைச்சு வெச்சிருந்தம்."

மாமி குனிந்து பார்த்தார். விரலால் தழும்பைத் தடவினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இவ்வளவுதானா மகள்? உனக்கு இந்தக் காது கேக்காதெண்டெல்லோ நான் நினைச்சிருந்தன்."

எனக்கு விளங்கவில்லை.

"எப்ப பாத்தாலும் மற்றப் பக்கத்தத்தான் திருப்பிறாய். அதாலதான் சத்தமாக் கதைக்கிறன். ஒரு காது கேளாட்டி என்ன, நல்ல பிள்ள, நமக்கு இது காணுமெண்டு ஆரிட்டயும் மூச்சு விடாம இரிக்கிறன்."

முதலில் சிரித்தவர் கடைக்காரர். பிறகு மாமா. அம்மா அங்கிருந்த கதிரையில் பொத்தென்று உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மாமி தான் நினைத்ததை மறைத்தார், நாங்கள் காதை மறைத்தோம். இரண்டு வீடும் சரிக்குச் சரி.

கடையின் பின்பக்கம் பொன்வேலை செய்துகொண்டிருந்த பத்தரைக் கூப்பிட்டு, குத்த முடியுமா என்று கேட்டேன். அவர் காதை அமுக்கிப் பார்த்தார். "தழும்பில குத்த ஒண்ணா. பக்கத்தில நல்ல சதை இரிக்கி" என்றார். கல்யாணத்துக்குள் புண் ஆறிவிடும், கனமில்லாத தோடாகப் போட்டால் போதும் என்றும் சொன்னார். இப்போதே குத்துங்கள் என்றேன்.

அப்போதுதான் அம்மாவுக்குத் தெம்பு வந்தது. "குத்துறதெண்டா முறைப்படி குத்தணும். தாய்மாமன்ர மடியில இருத்தித்தான்" என்றார். குழந்தைக்குச் செய்கிற சடங்கு அது. நானோ கல்யாண வயதுப் பெண். மாமா தோணி தள்ளித் தள்ளி வற்றிப்போன மனிதர். ஆனால் அவர் சாரத்தை இழுத்துச் செருகிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வா, வந்து குந்து. கால் முறிஞ்சா மணவறைக்கு என்னத் தூக்கிக்கொண்டு போங்க."

கடைக்கு வந்த சனம் எல்லாம் பார்த்து நிற்க, மாமாவின் மடியில் உட்கார்ந்தேன். ஊசி ஏறியபோது கண்ணீர் கொட்டியது. அப்பாவை நினைத்துத்தான் அழுதேன் என்று மாமாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் தலையைத் தன் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தார். கடல் விட்டுவைத்த அம்மாவின் பழைய ஒற்றைத் தோட்டை விலையில் கழிக்கக் கொடுத்து, கனமில்லாத சிவப்புக்கல் ஜிமிக்கிச் சோடி ஒன்றை நானே தெரிந்தெடுத்தேன். வேறு நகை எதையும் நான் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று முடியை எல்லாம் மேலே தூக்கிக் கட்டச் சொன்னேன். சோடிக்க வந்த பெண் நல்ல மனதுக்காரி. என் இடது காதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், மல்லிகைச் சரத்தை முன்னுக்கு இழுத்து அதன் மேல் தொங்கவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எட்டி வந்தார்.

"பூவப் பின்னுக்கு எடு பிள்ள. என்ர மகள்ர தோடு தெரியட்டும்."

அவள் எடுக்கும்வரை அம்மா பொறுக்கவில்லை. தானே சரத்தை இழுத்துப் பின்னால் குத்திவிட்டார்.