டைல்ஸ் இடுக்கும் என் வெட்டு மேசையும்

வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் என் தையல் கடை. ஆவணி முகூர்த்தங்களுக்கான துணிகள் குவிந்திருந்த நேரத்தில், மாடிக் குளியலறைத் தண்ணீர் கசிந்து நேராக வெட்டு மேசையில் சொட்டியது. ஒரு கல்யாணப்பெண்ணின் பட்டு மயிரிழையில் தப்பியது. ஒழுக்கு நிற்காவிட்டால் துணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையை மூட வேண்டியதுதான்.

பார்க்க வந்த கொத்தனார், குழாயில் கோளாறில்லை, டைல்ஸ் இடுக்குப் பூச்சுதான் உதிர்ந்திருக்கிறது என்றார். அதற்கு எல்லா டைல்ஸையும் உடைத்துப் புதிதாகப் போட வேண்டுமாம். தையல் விட்டதற்குச் சட்டையையே கிழித்துப்போடுவார்களா? எரிச்சலில் நானே இறங்கிவிட்டேன்.

ஆக்ஸா பிளேடுத் துண்டால் பழைய பூச்சைச் சுரண்டி, பல் தேய்க்கும் பிரஷால் தூசு தட்டினேன். கடையில் வாங்கிய எப்பாக்ஸிப் பசையைக் குழைத்து, ரப்பர் பலகையால் மூலைவாட்டில் இழுத்து அழுத்தினேன். நேராக இழுத்தால் பலகை விளிம்பு இடுக்குக்குள் இறங்கிப் பசையை வழித்துவிடும். முதல் வரிசையைக் கெடுத்த பிறகுதான் இது புரிந்தது. மேலே படிந்ததை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டு, இறுகும்வரை தண்ணீர் படக்கூடாது என்று கணவரிடம் சொன்னேன். தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

சாயங்காலம் போய்ப் பார்த்தால், வாசலில் சாக்கால் பாத்தி கட்டி, குளியலறை நிறையத் தண்ணீர் நிறுத்தியிருந்தார். இந்த வீடு கட்டும்போது சிமென்ட் இறுக தினமும் தளத்துக்குத் தண்ணீர் விட்டவர் அவர். பூசினால் நனைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

"சிமென்ட்டுக்குத் தண்ணிதானட்டி தாய்ப்பாலு," என்றார்.

"இது சிமென்ட்டு இல்ல. பசை."

அது வெளுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் விடியலில் மாடியில் சுரண்டும் சத்தம் கேட்டது. பிளேடும் கையுமாக அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். இருவருமாக மறுபடி இடுக்குகளை அடைத்தோம். இந்தத் தடவை குழாயைத் துணியால் இறுகக் கட்டியவர் அவர்தான். குளிக்க ஆற்றுக்குப் போய்வந்தார்.

பசை நன்றாக இறுகியதும், ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிறுத்திச் சோதித்தோம். காலையில் கீழே வந்தால், எனக்கு முன்பே அவர் மேசைக்கு மேலே உள்ளங்கையை விரித்து நின்றிருந்தார். கை காய்ந்தே இருந்தது.

"அந்தக் கல்யாணப்பொண்ணு பட்டை எடுத்துட்டு வாட்டி," என்றார்.

விரித்தேன். கத்தரிக்கோல் முதல் வெட்டைத் தாண்டும்வரை அவர் கையை இறக்கவில்லை.