தங்கையின் கல்

எங்கள் வீட்டு மதிலுக்குத் தங்கை தண்ணீர் ஊற்றுவாள். காலையில் பல் தீட்டிய கையோடு கிணற்றடிக்குப் போய், வாளி வாளியாக அள்ளி, வாசல் கேற்றடியில் தொடங்கி மூலை வரைக்கும் ஊற்றிக்கொண்டு போவாள். தெருவால் போகிறவர்கள் "என்னகா, மதில் முளைச்சிட்டா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்குப் போவான். மூத்தவள் முடித்ததும் தாய் தகப்பன் தாங்கள் இருந்த வீட்டை அவளுக்கு எழுதிவிட்டு, அதே காணி வளவின் பின்பக்கம் ஒரு கொட்டிலுக்குப் போய்விடுவார்கள். பிறகு அடுத்தவளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். இங்கே பெண்பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு முதலில் நினைவுக்கு வருவது சீமெந்துதான்.

நாங்கள் இரண்டு பெண்கள். தங்கை என்னைவிட ஏழு வயது இளையவள். ஐந்து வயதில்தான் பேசினாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவள் பெரியபிள்ளையான மாதத்திலேயே அப்பா மணல் இறக்கி, அச்சு வாங்கி வந்து, வளவுக்குள்ளே அவளுடைய வீட்டுக்குச் சீமெந்துக் கல் அரிந்தார். இவளை யார் கலியாணம் முடிக்கப்போகிறான், இவளுக்கு எதற்கு வீடு என்று சொந்தக்காரர் நேரிலேயே கேட்டார்கள்.

"முடிச்சா என்ன, முடிக்காட்டி என்ன? பொம்புளப்புள்ளைக்கு வீடு வேணும்" என்றார் அப்பா.

புதிதாக அரிந்த கல்லுக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் உதிர்ந்துபோகும். அந்த வேலையை அப்பா அவளிடம் கொடுத்தார். "இது உன்ட வீட்டுக் கல்லு. நீதான் தண்ணி ஊத்தணும்." அவளை நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை அது. கல் இறுகி, இனிப் போதும் என்று அப்பாவே சொன்ன பிறகும் அவள் விடவில்லை.

என் கலியாணம் முடிந்த கையோடு அப்பா நோயில் படுத்தார். அடுத்த மாரிக்கு அவர் இல்லை. கல் மாமரத்தின் கீழ் அடுக்கியபடி கிடந்தது. சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டின் கதவு, யன்னல் ஒன்றும் இல்லை. கல் மட்டும் அப்படியே இருந்தது. வந்து இறங்கியதும் அவள் வாளியைத்தான் தேடினாள்.

வந்த சில மாதத்தில் ஒரு நாள் அவளைக் காணவில்லை. எங்கள் ஊர் மண்டூர்ப் பக்கம், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில். எதிரே கிழக்கில் இருக்கும் எழுவான்கரைக்குப் போக மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிச் செல்லும் ஒரு மிதவை உண்டு. அதைப் 'பாதை' என்போம். அதில் ஏறித் தனியே அக்கரைக்குப் போய், இறங்குதுறையில் குந்தியிருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பொழுதுபடும் நேரம் தெரிந்தவர்கள் கூட்டி வந்தார்கள். அம்மா தலையிலும் நெஞ்சிலும் அடித்துக்கொண்டு அழுதார். அவளோ, "அக்கா, பாதையில போனன்" என்று என்னிடம் சிரித்தாள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். ஓங்கி ஓர் அறை விட்டேன்.

மதில் கட்டுவோம் என்று சொன்னது நான்தான். அம்மா யோசித்தார். "அந்தக் கல்லு அவள்ட வீட்டுக்கெண்டு உங்கட அப்பா அரிஞ்சதெல்லோ?" என்றார். "அவளுக்கு என்னத்துக்கம்மா வீடு? நாங்க இரிக்கிறம்தானே" என்றேன். ஒரு கிழமையில் மதில் எழுந்தது. கேற் போட்டு, பூட்டும் போட்டோம். பூட்டின் திறப்பு என் சாமித் தட்டடியில் ஆணியில் தொங்கியது. அவளுடைய வீட்டுக் கல்லாலேயே அவளை அடைத்து வைத்தோம். யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. அவள் மட்டும் மறுநாள் காலையில் வாளியோடு வந்து, "இது என்ட கல்லு" என்று சொல்லி ஊற்றத் தொடங்கினாள்.

பதினைந்து வருடம் அப்படியே போனது. அம்மா அவளை அடுப்படிக்கு விடமாட்டார், கத்தி தொடவிடமாட்டார். சோறு பிசைந்து கையில் கொடுப்பார். கடைசியில் பாயோடு கிடந்தபோதும், "அவளை வெளியில விட்டிராத புள்ள. பசியில கிடந்திருவாள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கவலையோடுதான் கண்ணை மூடினார்.

அம்மாவின் செத்தவீட்டு அலுவல்கள் முடிந்த பிறகு, ஏதோ படிவம் நிரப்பப் பிரதேச செயலகத்திலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் வந்தார். தங்கையைப் பார்த்து, "உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டார். வழக்கம்போல நான் பதில் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் வாய் திறக்கும் வரைக்கும் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பாதையில போகணும்" என்றாள் தங்கை.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மனுசிக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். அவர் விடவில்லை, மூன்று தரம் வந்தார். கடைசியில் அவளைப் போன்றவர்களுக்குத் தொழில் பழக்கும், அக்கரையில் இருந்த ஒரு பயிற்சி நிலையத்துக்கு அவளை நானே கூட்டிக்கொண்டு போனேன். முதலில் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பிறகு துறையில் நின்று பார்த்தேன். ஒரு நாள், "நீங்க போங்க அக்கா, ஆக்கள் பாக்கிறாங்க" என்றாள். அன்றைக்குத் துறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். ஏன் என்று கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திராது.

இரண்டு மாதத்தில் சோறு சமைக்கப் பழகிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கே சமைத்து வைத்தாள். கொஞ்சம் குழைந்த சோறு, உப்பும் ஒரு துளி கூடுதல். இரண்டாம் கவளத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இரண்டே மாதம். முப்பத்தெட்டு வருடமாக அம்மா பயந்து செத்தது இதற்கா? இந்தச் சோற்றில் ஒரு வாய் தின்றுவிட்டுப் போயிருக்கக் கூடாதா அந்தச் சீவன்? "உப்புக் கூடிட்டா அக்கா?" என்று அவள் கேட்டாள். ஓம் என்று தலையாட்டிக் கண்ணைத் துடைத்தேன்.

பிறகு அக்கரையில் இடியப்பம் அவிக்கும் ஒரு கடையில் வேலை கிடைத்தது. பிறகு தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணோடு அங்கேயே சின்ன வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கப் போவதாகச் சொன்னாள். "நான் செத்தா போயிட்டன்?" என்று கத்தினேன். உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றோடு மதிலுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

போன மாதம் அம்மாவின் திவசத்துக்கு வந்தாள். படையல் முடிந்து சாப்பிட்ட பிறகு, பல நாளாக மனதில் கிடந்ததைச் சொன்னேன்.

"வந்திரு புள்ள. மாமரத்தடியில உனக்கு வீடு கட்டித்தாறன். அந்த மதிலை உடைச்சு, உன்ட கல்லாலேயே கட்டுவம்."

அவள் மாமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு ஆசை இருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியாதா?

"திறப்பு ஆருக்கிட்ட இரிக்கும்?" என்று கேட்டாள்.

"உன்னட்டத்தான். சத்தியமா உன்னட்டத்தான்."

"பாதை போயிரும் அக்கா, வாறன்" என்று பையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். கேற்றடியில் போய் நின்றாள். ஏன் நிற்கிறாள் என்று எட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. காலையில் அவள் உள்ளே வந்ததும் நான் கேற்றைப் பூட்டியிருக்கிறேன். நினைத்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

அவள் மதிலில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது பூட்டுக்குள் போக மாட்டேன் என்றது. தூரத்தில் பாதையின் இயந்திரச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

"அவசரமில்ல அக்கா" என்றாள். "அடுத்த பாதையில போறன்."